இல்லைக்காரி

யிப் சௌ-ஹானைப் பற்றி வேறு யாராவது எழுதினால் நல்லபடியாகத்தான் எழுதுவார்கள். நேர்மையானவள், இருபத்திரண்டு வருடம் ஒரே கடையில் நின்றவள், ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை என்றெல்லாம். எல்லாம் உண்மைதான். உண்மை என்பதால்தான் எனக்கு எரிகிறது. அவளை நன்றாகத் தெரிந்த, ஆனால் கொஞ்சமும் பிடிக்காத ஒருவன் எழுதினால்தான் அவள் முழுசாக வருவாள். அந்தத் தகுதி இந்த ஹாங்காங்கில் என்னைவிட யாருக்கும் கிடையாது.

என் பெயர் மோக் விங்-கெய். சிம் சா சுய்யில், நாதன் ரோட்டுக்குப் பின்புறம் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எனக்கு ஒரு கைக்கடிகாரக் கடை. கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வாடிக்கையாளர் உட்கார்ந்தால் நான் எழுந்து நிற்க வேண்டும். எங்கள் தளத்தில் இப்படி முப்பது கடைகள். கம்பெனி தன் ஏஜென்சிக் கடைகளுக்கு மட்டும் கொடுக்கும் கடிகாரம், அங்கே வாங்கியவர்கள் கையிலிருந்து எங்களிடம் வரும். லிஸ்ட் விலையைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வைத்து விற்போம். திருட்டு இல்லை, போலி இல்லை. ஆனாலும் பெரிய ரோட்டுக் கடைக்காரர்கள் எங்களைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அதில் முதல் மூக்கு சௌ-ஹானுடையது.

தொண்ணூற்றாறில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் அந்தப் பெரிய ரோட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தோம். இன்றைக்கு ஆறு வருடம் காத்திருந்தாலும் கிடைக்காத அதே ஸ்டீல் கடிகாரத்தை அன்றைக்கு யாரும் சீண்டமாட்டார்கள். இருபது சதவீதம் தள்ளுபடி கொடுத்து, மேலே ஒரு குடையையும் இலவசமாகக் கொடுத்து, வாசல் வரை போய்க் கும்பிடு போட்டு அனுப்பினோம். நான் மூன்று விற்கும் நேரத்தில் அவள் ஒன்று விற்பாள். சிரிக்கத் தெரியாது. "இது உங்க கைக்குப் பெருசு, வேற பாருங்க" என்று வாங்க வந்தவனிடமே சொல்லுவாள். விற்பனைக்கு லாயக்கே இல்லாத பெண் என்று மேனேஜர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நானும் ஆமாம் போட்டேன்.

பிறகு 2003 வந்தது. சார்ஸ் காய்ச்சலில் ஊரே முகமூடி கட்டிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தது. தொடர்ந்து ஐந்து நாள் கடைக்குள் ஒரு காக்காய் நுழையவில்லை. நான் இரண்டு கடிகாரங்களை, இல்லாத ஒரு வாடிக்கையாளர் பெயரில் தள்ளுபடி போட்டு எழுதி, கீழ்த்தள வியாபாரி ஒருவனிடம் தள்ளிவிட்டேன். கடைக்கும் விற்பனை, எனக்கும் ஏதோ கொஞ்சம். யாருக்கு நஷ்டம்?

சௌ-ஹான் விற்பனைப் புத்தகத்தைப் பார்த்தாள். பெயரில் சந்தேகம் வரவில்லை, கையெழுத்திலும் வரவில்லை. "ரெண்டு வாட்ச் வாங்கின மனுஷன், ஒண்ணுக்குக்கூட செயின் அளவு குறைக்கச் சொல்லலையா மோக்?" என்று கேட்டாள். கடிகாரம் வாங்குகிறவன் கையில் போட்டுப் பார்ப்பான். லூசாக இருக்கும், ஒன்றிரண்டு கண்ணிகளைக் கழற்றச் சொல்லுவான். விற்கப் போகிறவன்தான் அப்படியே பெட்டியோடு எடுத்துக்கொண்டு போவான். அவள் கேட்டது மேனேஜர் முன்னால். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். வேலை போனதைக்கூட நான் மறந்துவிடுவேன். அந்த ஒரு கேள்வியை மேனேஜர் முன்னால் கேட்டதை மறக்கமாட்டேன்.

அப்படித்தான் நான் கீழ்த்தளத்துக்கு வந்தேன். அவள் மேலேயே நின்றுவிட்டாள்.

அடுத்த பத்து வருடத்தில் உலகத்துக்குப் பைத்தியம் பிடித்தது. கம்பெனி சரக்கை இறுக்கிப் பிடித்தது. பல் டாக்டர், வீட்டுத் தரகர், யூடியூபில் பேசுகிறவன், எல்லாருக்கும் அந்த ஒரு ஸ்டீல் கடிகாரம் வேண்டும். விற்கத் தெரியாத சௌ-ஹானுக்கு அங்கேதான் யோகம் அடித்தது. இப்போது விற்கத் தேவையில்லை, மறுக்கத்தான் ஆள் வேண்டும். மாதத்துக்கு ஏழு கடிகாரம் அவள் பொறுப்பில் வரும். கேட்டு வருகிறவர்கள் முந்நூறு பேர்.

மற்ற விற்பனையாளர்கள் இளித்துக்கொண்டு மழுப்புவார்கள். இவள் முகத்துக்கு நேராகச் சொல்லுவாள்.

"இல்லைங்க. இந்த வருஷம் கெடைக்காது."

"அப்ப அடுத்த வருஷம்?"

"அப்பவும் உங்களுக்குக் கெடைக்காது."

"அப்ப அந்தக் கண்ணாடிக்குள்ள ஒண்ணு இருக்கே, அது என்னம்மா?"

"அது பார்க்கறதுக்கு."

வந்தவனுக்குக் காது சிவந்துவிடும். சூட்டோடு வெளியே வருவான், தெருவைக் கடப்பான், எங்கள் படியில் தடதடவென்று இறங்குவான். "எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, இப்பவே வேணும்" என்பான். நாங்கள் எடுத்து வைப்போம். எங்கள் தளத்தில் அவளுக்கு இல்லைக்காரி என்று பெயர். அவள் தப்பித்தவறி யாருக்காவது விற்றாலும் சும்மா விடமாட்டாள். கடிகாரத்தின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை வாங்கியவன் கண் முன்னாலேயே கட்டைவிரல் நகத்தால் உரித்துப் போடுவாள். தாள் போனால் எங்களிடம் விலை குறையும், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். வாங்கியவன் கெஞ்சுவான், "வீட்டுல போய் உரிச்சுக்கறேனே" என்பான். "கையில போடத்தானே வாங்கினீங்க? போட்டுக்கிட்டே போங்க" என்பாள்.

அவள் விற்ற ஒரு கடிகாரம்கூட எங்கள் தளத்துக்கு வந்ததில்லை. மற்றவர்கள் விற்றது வாரத்துக்கு நாலு வரும். ஒரு வருடத்துக்குள் வெளிச்சந்தைக்கு வந்தால், விற்ற ஆளைக் கம்பெனி கேள்வி கேட்கும். அந்தக் கடையில் அதற்கு ஒரே தண்டனைதான், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இவள் பெயரில் ஒரு கறை இல்லை. அந்தக் கறையை நான்தான் வைக்க வேண்டும் என்று பதினைந்து வருடம் ஆசைப்பட்டேன். அதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

எத்தனை ஆட்களை அனுப்பியிருப்பேன்! டாக்டர் வேஷத்தில் ஒரு டாக்சிக்காரன். கல்யாண நாள் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஜோடி, இரண்டு பேரும் அன்றைக்குக் காலையில்தான் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லாரையும் அரை நிமிடத்தில் பிடித்துவிடுவாள். கடைசியில் ஃபோக் என்று ஒருவனைப் பிடித்தேன். முன்பு டிவி நாடகங்களில் பின்னால் நடந்துபோகிறவன். "நல்லாக் கேட்டுக்க. 'லூசா இருக்கு, ரெண்டு கண்ணி எடுங்க'ன்னு சொல்லணும். அதச் சொன்னா நம்பிருவா" என்று மூன்று நாள் பாடம் நடத்தினேன். போன மடையன், கடிகாரம் கையில் ஏறுவதற்கு முன்னாலேயே "லூசா இருக்கு" என்று சொல்லிவிட்டான். "நான் நல்லா இருக்கேன்னு மோக்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அவள் வாழ்க்கை என்று பார்த்தால் அதில் ஒன்றும் கிடையாது. டோ க்வா வானில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்தாம் மாடி, ஒற்றை அறை. கல்யாணம் ஆகவில்லை. மதியம் ஒன்றேகாலுக்கு எங்கள் இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் இருக்கும் டீக்கடையில் மாக்கரோனி சூப்பும் பால் டீயும். நானும் அங்கேதான் சாப்பிடுவேன். கூட்ட நேரத்தில் பரிமாறுகிறவன் யார் யாரோடு பகை என்றா பார்ப்பான்? காலியாக இருக்கும் நாற்காலியைக் காட்டிவிட்டுப் போய்விடுவான். அப்படி மாதத்துக்கு ஒரு தடவையாவது அவளும் நானும் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து தின்போம். அவள் கையில் கடிகாரமே இருக்காது. ஊழியர்கள் அந்தக் கடிகாரத்தை வாங்கக் கூடாது, வேறு கடிகாரம் கட்டிக்கொண்டு கடையில் நிற்கவும் கூடாது. ஒரு நாள் பரிமாறுகிறவனிடம் மணி கேட்டாள். நான் விடுவேனா?

"ஊருக்கே வாட்ச் விக்கற, மணி அடுத்தவன்கிட்ட கேக்கறியா?"

"நான் எங்க விக்கறேன்? இல்லன்னுதான சொல்றேன்," என்று சூப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "காலை மடக்கி உக்காரு. முட்டி இடிக்குது."

பதினைந்து வருடத்தில் அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அவளை நான் பிடித்த கதைக்கு வருகிறேன். ஷாம் ஷுய் போவில் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடையில் பாங் மாஸ்டர் என்று ஒரு சமையல்காரர். மாதத்தின் முதல் திங்கள் அவருக்கு லீவு. ஆறு வருடம், ஒவ்வொரு முதல் திங்களும் சௌ-ஹானின் கடைக்கு வந்து நின்றிருக்கிறார். சட்டையில் மசாலா வாசனை வீசும். மற்ற ஊழியர்கள் நகர்ந்து போய்விடுவார்கள். இவள் மட்டும் நின்று பேசுவாள். அவருக்கும் எழுபது தடவை இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள். எழுபத்தோராவது தடவை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவர் கண் கலங்கிவிட்டாராம். செயினில் இரண்டு கண்ணி கழற்றி, தாளை உரித்து, கையில் மாட்டி அனுப்பியிருக்கிறாள்.

பதினோராவது வாரம் அந்தப் பாங் மாஸ்டர் எங்கள் படியில் இறங்கி, நேரே என் கடைக்கு வந்தார். கூடவே கொண்டுவந்த கியாரண்டி அட்டையில் விற்றவள் பெயரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை அவருக்கு நகர்த்திப் போட்டேன்.

"ஏன் மாஸ்டர் விக்கறீங்க? ஆசைப்பட்டு வாங்கினது."

"என்னத்தச் சொல்ல? கொழம்பு கிண்டறவன் கையில இதப் பாத்தா எல்லாரும் ஒரே கேள்விதான். 'மாஸ்டர், பெண்கள் சந்தையில எந்த டூப்ளிகேட் கடை? எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க'ங்கறான். என் மச்சான் இருக்கானே, 'இருநூறு டாலருக்கு மேல குடுத்திருந்தா நீங்க ஏமாளி'ன்னு எல்லார் முன்னாலயும் சொல்றான். பில்லக் காட்டினேன். பில்லும் டூப்ளிகேட்டுங்கறான்! ஆறு வருஷம் காத்துக் கெடந்தது போலின்னு பேர் வாங்கறதுக்கா? இந்தச் சனியன் எனக்கு வேணாம்."

விலை பேசினோம். பணத்தை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தவர் திரும்பி நின்றார்.

"அந்த அம்மாவுக்கு இதனால எதுவும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது," என்றேன். நான் வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே சின்னதும் அதுதான், பெரியதும் அதுதான்.

எங்கள் தொழிலில் சரக்கு வந்ததும் படம் எடுத்து வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். போடும்போது அட்டையில் நம்பரும் விற்றவர் பெயரும் இருக்கும் இடத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொள்வோம். கம்பெனிக்காரர்கள் அந்தக் குழுக்களுக்குள் ஆள் வைத்திருக்கிறார்கள். அது தெரிந்தால் யார் விற்றது என்று பிடித்துவிடுவார்கள். நேற்றுத் தொழிலுக்கு வந்தவன்தான் விரல் வைக்க மறப்பான். மற்றபடி விரலைப் பார்த்தே இது யார் கடைச் சரக்கு என்று நாங்கள் சொல்லிவிடுவோம். என் விரலில் ஒரு தழும்பு உண்டு, எல்லாருக்கும் தெரியும்.

நான் இரண்டு கைகளாலும் போனைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தேன். நம்பரும் பெயரும் பளிச்சென்று விழுந்தன. அனுப்பினேன்.

பக்கத்துக் கடை ட்சே கத்தினான். "டேய் மோக், விரல் எங்கடா?"

"கையிலதான் இருக்கு."

"எடுத்துட்டு மறுபடி போடுடா! இது இல்லைக்காரியோட சரக்குடா, அவளுக்கு ஆப்பு வெச்சிருவாங்க!"

"தெரியும்," என்றேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு தன் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

நாலாவது நாள் மதியம் மூன்று மணிக்கு அவளே வந்தாள். கடையில் போடும் அதே கறுப்புக் கோட்டு, நெஞ்சில் பெயர்ப் பட்டை மட்டும் இல்லை. அவள் எங்கள் படியில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. முப்பது கடையும் வாயை மூடிக்கொண்டது. வந்து என் எதிரில் உட்கார்ந்தாள், நான் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று.

"எடு, பாக்கறேன்."

எடுத்து வைத்தேன். செயினைத் திருப்பிப் பார்த்தாள். "பாங் மாஸ்டர்," என்றாள். "எவ்வளவு குடுத்த?"

சொன்னேன்.

"வழிப்பறி. இன்னும் இருபதாயிரம் குடுத்திருக்கணும்." கடிகாரத்தை என் பக்கம் தள்ளினாள். "விரல் ஏன் வெக்கல?"

"மறந்துட்டேன்."

"நீ மறக்கற ஆளா? நான் மேனேஜர் முன்னால கேட்டதையே இன்னும் மறக்கலயே."

அவள் தானாக அதை எடுப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பதினைந்து வருடமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. "தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தனியாக் கேட்டா நீ பொய் சொல்லியிருப்ப. நான் நம்பியிருப்பேன்."

ட்சே தன் கடையில் எதையோ துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தான்.

"அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அனுப்பிட்டாங்க. சந்தோஷமா?"

"ரொம்ப."

"இருக்கட்டும்." எழுந்தாள். "பாங் மாஸ்டர்கிட்ட இதச் சொல்லித் தொலைக்காத. அந்தாளு ரெண்டு நாள் சோறு திங்கமாட்டாரு. அப்புறம் மோக், நாளையிலேர்ந்து உன் கடைக்கு யாரு ஆள் அனுப்புவா?"

அவள் போன பிறகு நான் சத்தமாகச் சிரித்தேன். தோற்றவள் பேச்சு என்று நினைத்தேன். எல்லாருக்கும் பால் டீ வாங்கிக் கொடுத்தேன். பாதிப் பேர் தொடவில்லை.

அவள் இடத்துக்கு அன்சன் என்று ஒருவன் வந்தான். முப்பது வயது, நல்ல பல் வரிசை. கேட்டு வந்தவர்களை உட்கார வைத்தான், தண்ணீர் கொடுத்தான். "பேரு குடுங்க சார். லிஸ்ட்ல உங்களை மேல வெச்சிருக்கேன், சீக்கிரம் கூப்பிடறேன்" என்றான். முந்நூறு பேருக்கும் அதையே சொன்னான். கடிகாரம் என்னவோ அதே ஏழுதான். ஆனால் ஒருவனுக்கும் காது சிவக்கவில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள், ரயில் ஏறி வீட்டுக்குப் போய்ப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எங்கள் படியில் தடதடவென்று யாரும் இறங்கவில்லை.

முதல் மாதம் மழை என்றோம். இரண்டாவது மாதம் சீனப் புத்தாண்டு முடிந்த மந்தம் என்றோம். மூன்றாவது மாதம் ட்சே என் கடை வாசலில் வந்து நின்றான்.

"நம்பிக்க குடுக்கறான்டா அவன்! நம்பிக்க இருக்கறவன் எதுக்குடா நம்மகிட்ட வருவான்? அவ மூஞ்சியில அடிச்சு அனுப்பினா, நம்ம தின்னோம். சோறு போட்ட கையப் போய் ஒடிச்சிட்டியே, நாசமாப் போறவனே!"

ஆறு மாதத்தில் நாலு கடை சாத்தினார்கள். மீதிக் கடைக்காரர்கள் என்னிடம் நெருப்புக்கூட வாங்குவதில்லை. பாங் மாஸ்டரின் கடிகாரம் விலை போகாமல் என் அலமாரியிலேயே கிடந்தது. எனக்கு வந்தது வருத்தம் இல்லை, கோபம். இத்தனை வருடம் அவள் போட்ட சோற்றையா நான் தின்றிருக்கிறேன்? யாரிடம் கேட்டேன் நான்?

அவள் ஹுங் ஹோமில் ஒரு பேக்கரியில் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டு ஒரு மதியம் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. எவ்வளவு தாழ்ந்துவிட்டாள் என்று பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். பார்த்தால், வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, "இந்தாங்க, சூடு, பாத்து" என்று வருகிறவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கிழவரிடம் சிரிக்கக்கூடச் செய்தாள். வரிசையில் நின்றேன். அப்போதுதான் அடுப்பிலிருந்து முட்டை டார்ட் என்கிற இனிப்பு ஒரு தட்டு நிறைய வந்தது. என் முறை வந்தது.

"ஒரு முட்டை டார்ட்," என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தட்டில் இருபதுக்கு மேல் இருந்தன, ஆவி பறந்துகொண்டிருந்தது.

"இல்லை."

"இதோ இருக்கே!"

"இருக்கு. உங்களுக்கு இல்லை. அடுத்தவங்க வாங்க."

"ஏய் ஹான், இது என்ன உன் அப்பன் வீட்டுக் கடையா? முதலாளியக் கூப்பிடு!"

"முதலாளி தூங்கறாரு. பின்னால ஆள் நிக்கறாங்க, நகருங்க."

பின்னால் நின்றவள் பள்ளிக்கூட டீச்சர்போல இருந்தாள். நாலு வாங்கினாள். நான் வெளியே வந்து நின்றேன். காது சுட்டது. அந்த டீச்சர் வெளியே வந்ததும் குறுக்கே போய் நின்றுகொண்டேன்.

"அதுல ஒண்ணு எனக்குக் குடுங்க. ஐம்பது டாலர் தரேன்."

"எட்டு டாலர் டார்ட்டுக்கா?" அவள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, நோட்டை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

பிளாட்பாரத்திலேயே நின்று கடித்தேன். நாக்கு வெந்துபோனது. அந்தத் தெருவிலேயே இன்னும் இரண்டு பேக்கரிகள் இருந்தன. ஒன்றில் ஏழு டாலர் என்று எழுதிப்போட்டிருந்தது என் கண்ணில் பட்டது. அங்கே போக எனக்குத் தோன்றவே இல்லை. அவள் எனக்கு இல்லை என்று சொன்ன டார்ட்தான் எனக்கு வேண்டியிருந்தது.